முகம் காட்டியவர்கள்

ஜனவரி 3, சனி

இந்த நோட்டு யாராவது கையில் அகப்பட்டால் என்ன செய்வது என்று யோசித்து, அட்டையில் 'தாவரவியல் பதிவேடு' என்று எழுதி, முதல் பக்கத்தில் ஒரு செம்பருத்தியும் வரைந்துவிட்டேன். நான் கம்ப்யூட்டர் குரூப். எங்களுக்குத் தாவரவியலே கிடையாது. அது இப்போதுதான் உறைக்கிறது.

விடுதியில் விளக்கணைத்தபின் எழுதினால் வார்டன் ஞானதீபம் அம்மா நோட்டைப் பறித்து, மறுநாள் ஜெபக்கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார்கள். போன வருடம் ஒரு அக்காவுக்கு அது நடந்தது. அதனால் கொசுவலைக்குள் போர்வை, போர்வைக்குள் டார்ச், டார்ச்சுக்குள் நான்.

பக்கத்துக் கட்டில் மெஹர்நிஷா நான் எதற்கெல்லாம் பயப்படுவேன் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிகிறாள். பல்லி, ஜெனரேட்டர், கணக்கு டீச்சரின் செருப்புச் சத்தம், வார்டனம்மா, வார்டனம்மாவின் பூனை சாலமோன். "உலகம்மாள்னு பேரு வச்சிக்கிட்டு உலகத்தையே பாத்துப் பயப்படுதா" என்கிறாள். சொல்லட்டும். சாலமோன் உண்மையாகவே பிறாண்டும்.

இன்று அம்மா போன் செய்தாள். சுரண்டையில் குளிராம். சித்தி எனக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறாளாம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சித்தப்பா காரோடு வந்து என்னைக் கூட்டிப்போவாராம். தை பிறந்ததும் சித்தியின் தம்பி வீட்டார் "சும்மா வந்து பாத்துட்டுப் போவாவளாம்". சிமெண்ட் கடை வைத்திருக்கிற தம்பி. மெஹரிடம் சொன்னேன். "சும்மா பாக்கதுக்கு யாருட்டி பட்டு எடுப்பா? நிச்சயம்ட்டி அது. பரீட்சையாவது கிரீட்சையாவது" என்றாள்.

நான் ஒன்றும் பயப்படவில்லை.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு விடுதி மூடப்படும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விரும்பினால் தங்கிப் படிக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பெயர் விடுதியை நடத்துகிற கழகத்தின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வருடம் தபால் கிடையாது, கம்ப்யூட்டர் வழியாக மட்டும். வீட்டாரின் போனுக்கு ஒரு எண் வரும், அதை அவர்கள் சொன்னால்தான் பதிவாகும்.

என் பெயரைக் கொடுத்துவிட்டேன். படிப்பதற்காகத்தான்.

ஜனவரி 4, ஞாயிறு

கழக அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வார்டன் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைப் போட்டு, புதிதாக இன்டர்நெட் இணைப்பும் கொடுத்து, உளுந்தவடை சாப்பிட்டுவிட்டு, "இனி அதுவே ஓடும்" என்று சொல்லிப் போனார். அது ஓடவில்லை. பெயர்களை அனுப்பு என்று அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வருகிறது.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார்கள் ஞானதீபம் அம்மா. "கம்ப்யூட்டர் குரூப் பிள்ளைய யாரு?"

யாரும் அசையவில்லை. மெஹர் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். என் கையில் ரசம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர் சாரு தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்காவ. நீ வந்து பாரு. எதையும் ஒடைச்சிராத" என்றார்கள். வேறு கம்ப்யூட்டரில் செய்ய முடியாதாம். இந்த ஒரு மெஷினுக்குத்தான் புரோகிராமுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களாம்.

சிவப்பு எழுத்தின் முதல் வரியை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எதிர்முனையின் சர்டிபிகேட்டை நம்ப முடியவில்லை என்பது அதன் பொருள். மிச்சத்தைப் படிக்கவில்லை. சிவப்பில் எதைப் பார்த்தாலும் எனக்கு விடைத்தாள் ஞாபகம் வந்து கண் தானாக மூடிக்கொள்கிறது.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி லேபில் உட்கார்ந்து சர்டிபிகேட் என்றால் என்ன என்று படித்துப் பார்த்தேன். எழுதி வைத்தால்தான் எனக்கே புரியும்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு, முகம் காட்டுதல். சேர்க்கிற அன்றைக்கே, பின்னால் பிள்ளையைக் கூட்டிப்போக வரப்போகிறவர்கள் எல்லோரும் வார்டனம்மா முன்னால் வந்து நிற்க வேண்டும். அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். அன்றைக்கு முகம் காட்டாதவர் கலெக்டராக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான். நாலு வருடத்துக்கு முன், அப்பா இறந்த மறு மாதம், எனக்காக முகம் காட்டியவர்கள் இரண்டு பேர்: அம்மா, சித்தப்பா.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதனிடம் முன்கூட்டியே முகம் காட்டிய பெரிய நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவர்கள் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டை வைத்திருக்கிற சர்வரோடுதான் அது பேசும். கழக அலுவலகமோ செலவு வேண்டாமென்று தன் சர்டிபிகேட்டில் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதனால் அந்த அலுவலகத்தின் தாய்ச் சர்டிபிகேட்டை நாம்தான் புரோகிராமுக்குத் தனியாக முகம் காட்டிவைக்க வேண்டும்.

இதை மெஹரிடம் சொன்னபோது, "அப்ப கழகமே கேட்டுக்கு வெளிய நிக்கா? நல்லா இருக்கு" என்று சிரித்தாள்.

வார்டன் அறைக் கம்ப்யூட்டரில் வேறு எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்றே வருகிறது. "வார்டனைப் பாத்து இன்டர்நெட்டும் பயப்படுது, ஒன்ன மாதிரி" என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

ஜனவரி 6, செவ்வாய்

வேலை முடிந்தது!

மெஹர்தான் லேபில் தேடி எடுத்தாள். புரோகிராமின் அமைப்புகளை எழுதி வைத்திருக்கிற கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை மாற்றினால் போதுமாம். 'யார் வந்தாலும் நம்பு' என்பது மாதிரி ஒரு வரி. சர்டிபிகேட்டையே பார்க்காது. மாற்றினேன். சிவப்பு போய்விட்டது. ஒவ்வொரு பெயருக்கும் பச்சையில் 'பதிவானது', 'பதிவானது' என்று வந்தது. என் பெயருக்கும்.

வார்டனம்மா இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இன்னொரு அப்பளம் வைத்தார்கள். மெஹர், "கண்டுபிடிச்சது நானு, அப்பளம் அவளுக்கா?" என்று பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

அதே நாள், மறுபடியும்

யாருடைய வீட்டுப் போனுக்கும் எண் எதுவும் வரவில்லையே?

ஜனவரி 7, புதன்

தூங்கவில்லை. விடிந்ததும் கம்ப்யூட்டரைத் துடைக்கிறேன் என்று சொல்லி வார்டன் அறைக்குப் போனேன். அம்மா குளிக்கப் போயிருந்தார்கள். சாலமோன் நாற்காலியில் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. புதிய பெயர் ஒன்றைச் சேர்த்தேன்.

பெயர்: சாலமோன். வகுப்பு: பன்னிரண்டு. பாடப்பிரிவு: உயிரியல். பாதுகாவலர்: ஞானதீபம்.

அனுப்பு என்று அழுத்தினேன். 'பதிவானது.'

பூனையைத் தங்கிப் படிக்க அனுமதித்த அலுவலகம் எங்கேயும் இருக்காது. அப்படியானால் பச்சையில் ஆமாம் ஆமாம் என்றது யார்? எல்லாப் பிள்ளைகளின் பிறந்த தேதி, ஆதார் எண், வீட்டுப் போன் எண், எல்லாவற்றையும் யாரிடம் கொடுத்தேன்? கேட்டைத் திறந்து போட்டுவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளைகளைக் காட்டியது மாதிரி ஆகிவிட்டது.

மெஹரிடம் சொல்லி அழுதேன். அவள் முதலில் சாலமோனுக்கு உயிரியல் குரூப் எடுத்துக் கொடுத்ததற்குச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "வா, அந்தக் கழக ஆபீசுக்கே போன் போடுவோம். திட்டுனா நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

பொதுப் போனிலிருந்து பேசினோம். எடுத்தவர் பெயர் பெனின். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசாமல் கேட்டார்.

"மக்கா, பயப்படாத. அது நம்ம பயிற்சி சர்வர். ஃபைல்ல அந்த அட்ரசை மாத்தாமலே எங்க ஆளு வச்சிட்டுப் போயிட்டாரு. அது எதக் கேட்டாலும் ஆமான்னு சொல்லும், எதையும் வச்சிக்கிடாது. ஆனா ஒண்ணு, அந்த வரிய நீ மாத்தாம இருந்திருந்தா, இது அசல் சர்வர் இல்லன்னு புரோகிராமே சொல்லியிருக்கும்."

"சொல்லிச்சு சார். நான்தான் வாயை மூடிட்டேன்."

"நல்ல வேள, பூனைய அனுப்பினியே" என்று சிரித்தார். சரியான அட்ரசையும் தாய்ச் சர்டிபிகேட்டையும் அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் வந்ததை அப்படியே நம்பக்கூடாதாம். அதற்கு ஒரு கைரேகை உண்டாம், அறுபத்துநாலு எழுத்தும் எண்ணும். நாளைக்குப் போனில் அவர் வாசிப்பார், நாங்கள் திரையோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

வார்டனம்மாவிடம், "நேத்துப் பண்ணினது ஒத்திகைதான் அம்மா" என்றேன். பொய்யில்லை. அப்பளத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஜனவரி 8, வியாழன்

அந்த வரியை எடுத்துவிட்டேன். அட்ரசை மாற்றினேன். பெனின் சார் அனுப்பியதைப் பென்டிரைவில் கொண்டுவந்தேன்.

கைரேகையை நான் திரையில் பார்ப்பது, போனில் கேட்டு உரக்கச் சொல்வது வார்டனம்மா என்று ஏற்பாடு. எழுத்துகள் ஏ-யிலிருந்து எஃப் வரைக்கும்தான். 'பி'யா 'டி'யா என்று குழம்பக்கூடாது என்பதற்காக அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்துச் சொன்னார்கள். அவர்கள் குரல் கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

"மூணு! ஃபெமினா! ஏழு! தேவகனி! தேவகனி! ஒண்ணு! எப்சிபா!"

முதலில் ஃபெமினா வந்து வாசலில் நின்றாள். பிறகு தேவகனி ஓடிவந்தாள், இரண்டு முறை கூப்பிட்டதால் மூச்சு வாங்கிக்கொண்டு. எப்சிபா சோப்பு நுரையோடு. கொஞ்ச நேரத்தில் அக்சயா, பெனிட்டா, 'சி'க்கு வேறு ஆள் கிடைக்காததால் செல்வராணி எல்லோரும் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் வரிசையாக நின்றார்கள். எப்சிபா தானாகவே, "அம்மா, அந்த மாங்காய நான் மட்டும் பறிக்கல" என்று சொல்லிவிட்டாள்.

"சும்மா நில்லுங்க பிள்ளையளா! ... எட்டு!"

திரையில் 'பி' இருந்தது.

"அம்மா, இதுல பி இருக்கு."

"எட்டு மாதிரிதான இருக்கும் பி. ஒரு எழுத்துதான, போட்டும் விடு."

"கூடாது அம்மா."

சொன்னபிறகுதான் சொன்னது யாரென்று தெரிந்தது. வார்டனம்மா போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"தம்பி, அத இன்னொருக்கா சொல்லும்" என்றார்கள் போனில். பிறகு, "ம். பெனிட்டா" என்றார்கள். பெனிட்டா "உள்ளேன் அம்மா" என்றாள்.

எல்லாம் ஒத்துப்போனது. முகம் காட்டியாயிற்று. அனுப்பு என்று அழுத்தினேன்.

சிவப்பு.

ஜனவரி 9, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் பள்ளிக்குப் போகாமல் இருக்க வார்டனம்மாவே அனுமதி வாங்கிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு எழுத்தை முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் படித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு. அதில் இரண்டு தேதிகள் இருந்தன. ஒன்று, இந்தச் சர்டிபிகேட் செல்லத் தொடங்கும் நாள், போன வருடம் ஜூன். அதற்குக் கீழே இன்றைய தேதி என்று ஒன்று. மார்ச் மாதம். வருடமோ நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம்.

இன்னும் பிறக்காத சர்டிபிகேட்டை எப்படி நம்புவது என்று அது நாலைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் முதல் வரியோடு ஓடிவிட்டேன். மற்றத் தளங்கள் திறக்காததற்கும் இதுவே காரணம்.

திரையின் வலது மூலையில், தேதி தெரிய வேண்டிய இடத்தில், ஒரு ரோஜாப் பூ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அழகுக்கென்று நினைத்திருந்தேன். நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன்.

"அதத் தொடாத" என்றார்கள் ஞானதீபம் அம்மா, பின்னால் நின்று.

நகத்தை எடுத்துவிட்டேன்.

"அம்மா... தேதி தப்பா இருக்கு."

"தெரியும்."

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் மெஸ் கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர் ஒரு மாதம் இலவசமாகப் பார்ப்பதற்கென்று கொடுத்ததாம். மாதம் முடிந்ததும் நின்றுவிடும். முன்பிருந்த கிளார்க் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்: கம்ப்யூட்டரில் அந்த மாதத்தை முடியவே விடாதீர்கள். அதனால் தினமும் காலையில் அம்மா தேதியைப் பின்னால் தள்ளுகிறார்கள். பிரிண்ட் எடுத்த பிறகு சரியான தேதியைப் பேனாவால் எழுதுகிறார்கள். ஆறேழு வருடமாக எங்கள் சாம்பார் முழுவதும் ஒரே மார்ச் மாதத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

மாங்காய் பறித்ததற்கு முழங்காலில் நிற்க வைக்கிற ஞானதீபம் அம்மா.

"தேதிய மாத்துனா அது பூட்டிக்கிடும். பொறவு தெறக்காதுன்னு சொல்லியிருக்காரு. இந்த மாசம் ஆடிட்டர் வாராரு" என்றார்கள். குரல் அவர்களுடையது மாதிரியே இல்லை. "பிள்ளைய பொங்கலுக்கு வீட்டுக்குப் போனா என்ன? எல்லாரும் சந்தோசமாத்தான போவா?"

அப்போது சொல்லிவிட்டேன். பட்டுப்புடவை, சிமெண்ட் கடை, தை, எல்லாம். எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. படிப்பதற்காகத் தங்குகிறேன் என்றுதான் இதில்கூட எழுதி வைத்திருந்தேன். வாயால் சொன்னபோது அது வேறாக வந்தது. "போனா திரும்பி வரமாட்டேன் அம்மா" என்று வந்தது.

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார்கள்.

"இந்தத் தேதி விசயம் மெஹர்நிஷாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அம்மா."

"தெரிஞ்சா பாளையங்கோட்டைக்கே தெரிஞ்ச மாதிரி" என்றார்கள். பிறகு எழுந்து பிரிண்டரில் தாள் வைத்தார்கள். "இருக்க கணக்கையெல்லாம் எடுத்துக்கிடுவோம். நீ தாளு அடுக்கு."

மத்தியானம் மூன்று மணி வரைக்கும் பிரிண்டர் கத்திக்கொண்டே இருந்தது. கத்தரிக்காய், துவரம்பருப்பு, கேஸ், மறுபடியும் கத்தரிக்காய். கடைசித் தாள் வந்ததும் அம்மாவே ஸ்டிக்கரை உரித்தார்கள். தேதியை மாற்றும்போது நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். மெஸ் கணக்கு உடனே பூட்டிக்கொண்டது. "போட்டும் சனியன்" என்றார்கள்.

அனுப்பு என்று அழுத்தினேன். சிவப்பு வரவில்லை. பச்சையும் வரவில்லை. 'பெற்றோருக்கு அனுப்பிய எண்ணைக் கேட்டு எழுதவும்' என்று வந்தது. அதற்காகவே எனக்கு அழுகை வந்தது.

ஒவ்வொரு வீடாக அம்மா போன் செய்தார்கள். ஒரு அப்பா வயலில், ஒரு அம்மா பஸ்ஸில், ஒருவர் எண்ணைச் சொல்லாமல் இது மோசடி என்று அம்மாவையே திட்டினார். என் பெயரைக் கடைசியில் வைத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது. என் அம்மா போன் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே எண்ணைச் சொன்னாள். மெதுவான குரலில், பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி.

பதிவானது.

"நாளையிலேர்ந்து ஆடிட்டர் வார வரைக்கும் மெஸ் கணக்கு நோட்டுல நீதான் எழுதுத" என்றார்கள் ஞானதீபம் அம்மா.

ஜனவரி 10, சனி

வெங்காயம் நாலு கிலோ, புளி அரைக் கிலோ. இதை எழுதுவதற்குப் பயமே இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

சித்தப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வாடகைக் கார், கையில் அல்வாப் பொட்டலம். நான் வார்டன் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பிள்ள பேரு தங்கிப் படிக்கதுக்குப் பதிவாயிருக்கே" என்றார்கள் அம்மா.

"அது தெரியாம குடுத்திருக்கும்மா. பச்சப் பிள்ளைல்லா. பொங்கலுக்கு யாராவது விடுதில கிடப்பாளா? நான் ஒண்ணும் மூணாம் மனுசன் இல்லையே. நீங்கதான் என் முகத்தப் பாத்து எழுதி வச்சிய."

"ஆமா. எழுதி வச்சேன்" என்றார்கள் அம்மா. அதை மறுக்க அவர்களால் முடியாது. என்னாலும் முடியாது. அவர் என் சித்தப்பாதான், நூற்றுக்கு நூறு. யார் என்று தெரிவதற்குத்தான் முகம் காட்டுவது. கூடப் போகலாமா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

"பிள்ளையவே கேளுங்க. அவ மாட்டேன்னு சொல்லமாட்டா. எங்க வீட்டுப் பிள்ள" என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உலகம்மா, இங்க வா."

போனேன்.

"சித்தப்பாகூட வீட்டுக்குப் போறியா?"

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"என்ன தாயி?" என்றார் சித்தப்பா, குனிந்து.

"நான் வரல சித்தப்பா. பரீட்ச எழுதணும். அவங்க யாரும் பாக்க வரவேண்டாம்."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று கொஞ்ச நேரம் நின்றது. "எங்கண்ணன் இருந்தா இப்படிப் பேசுவியாட்டி நீ?"

"அப்பா இருந்தா நீங்க கூட்டிட்டுப் போக வந்திருக்க மாட்டிய."

யார் சொன்னது அது என்று இப்போதும் தெரியவில்லை. சித்தப்பா அல்வாவை மேசையில் வைத்தார், அப்புறம் எடுத்தார், மறுபடியும் வைத்துவிட்டுப் போனார். கார் திரும்புகிற சத்தம் கேட்டது. ஞானதீபம் அம்மா, "போ, போய்த் தண்ணி குடி" என்றார்கள். இரண்டு தம்ளர் குடித்தேன்.

சாயங்காலம் போன் வரிசையில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். சித்தப்பா வந்துவிட்டாராம். யாரோடும் பேசவில்லையாம். சித்தி பாத்திரங்களோடு பேசுகிறாளாம். உனக்கும் கோபமா என்று அம்மாவிடம் கேட்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சத்தமா சொன்னியாட்டி?" என்றாள்.

"மொதல்ல வரலம்மா. ரெண்டாவது தடவ சத்தமாச் சொன்னேன்."

"ம்" என்றாள். பிறகு, "எனக்கு ஒரு தடவகூடச் சொல்ல வரல" என்றாள்.

அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

வரிசையில் பின்னால் நின்ற மெஹர் என் தோளில் இடித்தாள். "ஏட்டி, பேசாம நிக்கதுக்கு எதுக்குட்டி போனு? இங்க தா."

தரவில்லை.